மேலாளர் அறைக்கு வந்த நாகர்கோவில்

வங்கிக் கிளைகளை இணைக்கும் நெட்வொர்க்கை, கம்பி இழுக்கும் முன் மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது புதிதாகச் சேர்ந்த இசக்கியின் வேலை.

“நாகர்கோவில்லேருந்து சென்னைக்குத் தகவல் வர ஏன் தாமதம் காட்டுது? சேர்மன் வர்றதுக்குள்ள பூஜ்யமாக்கு. இல்லேன்னா வீட்டுக்குக் கிளம்பு!” என்று குதித்தார் மேலாளர் சௌந்தரபாண்டியன்.

“அவ்வளவு தூரம் இருக்கே, சார்.”

“சாக்கு சொல்லாதே!”

சேர்மன் மேலாளர் அறைக்கு வந்து பார்த்தார். திரையில் தாமதம் பூஜ்யம்.

“எப்படிம்மா?” என்றார்.

“மென்பொருள்ல எல்லாக் கிளையையும் இந்த ரூமுக்குள்ளயே கொண்டுவந்து வெச்சிட்டேன் சார். தூரமும் இல்லை, தாமதமும் இல்லை. பணம் எடுக்க வர்றவங்க மட்டும் செருப்பை வெளியே கழட்டணும். மேலாளர் சார் ரூம்ல அதுதான் வழக்கம்.”

வெறுங்காலோடு நின்ற சேர்மன் விழுந்து விழுந்து சிரித்தார். இசக்கிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அம்மா தாயே, நாகர்கோவில் நாகர்கோவில்லயே இருக்கட்டும்!”