தலைவர் விட்ட முதல் அம்பு

வில்வித்தைச் சங்கத் தலைவர் பொன்னுரங்கத்துக்கு வில்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. சட்டம் போட மட்டும் தெரியும். மாவட்டத் தேர்வுக்கு முதல் நாள் ஒரு சட்டம் போட்டார்.

"காம்பவுண்டு வில்லுல அம்பைத் தாங்குற ரெஸ்ட், இனிமே என் கடையில விக்கிற மடங்கி விழுற ரெஸ்ட்தான். பிரஷ் வளையத்தை மாட்டிட்டு வந்தா வெளியே போ."

தேர்வுக்கு வந்திருந்த எஸ்தரின் வில்லில் இருந்தது பிரஷ் வளைய ரெஸ்ட். புதுசு வாங்க வழியில்லை. இந்தத் தேர்வு போனால் விளையாட்டு விடுதியில் அவளுக்கு இடமும் போச்சு.

மறுநாள் வழக்கப்படி முதல் அம்பைத் தலைவர்தான் விட வேண்டும். அவர் கடை ரெஸ்ட்டை மாட்டிய சங்கத்து வில்லை எஸ்தர் பணிவாக நீட்டினாள். அதைச் சாய்க்காமல் பிடித்து முழுசாக இழுத்தால்தான் ரெஸ்ட் நிமிர்ந்து அம்பைத் தாங்கும். அவர் பாதிதான் இழுத்தார். அம்பு நழுவிக் காலடியில் விழுந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி விழுந்தது. கூட்டம் சிரித்தது.

"ஏட்டி, அம்பு விழாத ரெஸ்ட் ஏதாவது குடு" என்று பல்லைக் கடித்தார்.

"பிரஷ் வளையம்தான் அம்பைச் சுத்திப் பிடிச்சுக்கும், அண்ணாச்சி. அதைத்தான் வெளியே போகச் சொல்லிட்டீங்களே?" எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"சட்டத்தை எடுத்தாச்சு, குடுட்டி!"

எஸ்தர் தன் வில்லைக் கொடுத்தாள். அதில் அவர் விட்ட அம்பு இலக்குக்குப் பாதி வழியிலேயே புல்லில் குத்தியது. பலத்த கைதட்டல்.

அப்புறம் எஸ்தர் விட்டாள். எல்லாமே இலக்கின் நடு மஞ்சள் வட்டத்துக்குள். விடுதியில் இடம் கிடைத்தது. கைதட்டத்தான் ஆளில்லை. எல்லாரும் தலைவர் பின்னாலேயே பிரியாணிக்குப் போயிருந்தார்கள்.