சத்தத்தைக் குறைக்க ஒரு கடலைக்காடு

கூகைப்பாளையத்தில் சென்னியப்பன், நாச்சிமுத்து, குழந்தைவேலு என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் சேர்த்து ஒரு தோட்டம், ஒரு வீடு, ஒரு மூளை. அந்த மூளையும் இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில் அடிக்கடி குழப்பம் வரும். மற்றபடி தங்கமான பிள்ளைகள். யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்வார்கள். ஊரில் நடந்த பாதிச் சேதத்துக்கு அதுதான் காரணம்.

மூத்தவன் சென்னியப்பனுக்கு நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணனுக்கு ஆகாமல் தம்பிகளுக்கு ஆகக் கூடாது. ஆக மூன்று பேரும் வரிசையில் நின்றார்கள், வரிசை நகரவே இல்லை. கடைசியில் ஒரு வரன் வந்தது. பெண் பெயர் சிந்தாமணி. அவளுடைய அப்பா மாரப்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“எனக்குச் சத்தம் ஆகாதுங்க. உங்கப்பா சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த ஸ்டீரியோ செட்டு இருக்குதாமே? வெள்ளிக்கெழம வாரேன். அதுல நாதஸ்வரத்த மெதுவா வெச்சுக் கேக்கோணும். காதுக்கு எதமா இருந்துச்சுன்னா கை நனைக்கறேன். இல்லீன்னா இப்படியே திரும்பிப் போயிருவேன்.”

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. பெண் வீட்டார் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சென்னியப்பன் அன்றைக்கே இலை அறுத்து வைத்துவிட்டான்.

செட்டு பழையது. மரப்பெட்டி, வெள்ளி முகப்பு, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வால்யூம் குமிழ். குமிழைத் திருப்பினால் முதலில் ஒன்றும் வராது. அப்புறம் கரகர என்று ஒரு இருமல். அதற்கப்புறம் ஒரேயடியாக முழுச் சத்தம். நடுவில் மெதுவாக என்ற சமாச்சாரமே கிடையாது. நாச்சிமுத்து சோதித்துப் பார்த்ததில் அவர்கள் வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

“எருமையே நிக்கலையே, மாமனார் நிப்பாரா?” என்று சென்னியப்பன் அழுதே விட்டான்.

ஈரோட்டில் இருக்கும் ரேடியோ மெக்கானிக் கதிரேசனுக்குப் போன் போட்டார்கள்.

“வெள்ளிக்கெழமதாங்க நான் வர முடியும். அதுவரைக்கும் சொல்றதச் செய்யுங்க. மொதல்ல பிளக்கப் புடுங்குங்க.”

பிடுங்கினார்கள். வீடு அமைதியானது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“சத்தம் சுத்தமாக் கொறஞ்சிருச்சுங்க!” என்று சென்னியப்பன் போனில் கத்தினான். “நீங்க பெரிய ஆளுங்க!”

கதிரேசன், “உள்ள கரண்டு கொஞ்சம் தங்கியிருக்கும். அது வெளிய போன பொறகு மூடியத் தெறங்க” என்றார்.

கதவைத் திறந்து வைத்தார்கள். கரண்டுக்கு வழி விட்டு ஆளுக்கொரு பக்கம் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். நெடுநேரம் ஆயிற்று.

“வந்த வழியாத்தான அது போகும்?” என்றான் குழந்தைவேலு.

“வந்தது ஒயர் வழியா” என்றான் நாச்சிமுத்து.

“ஒயரத்தான் புடுங்கிட்டமே! அப்பறம் பாவம் அது எப்படிப் போகும்?”

மூவருக்கும் மனசு கேட்கவில்லை. கரண்டு வெளியே போவதற்காகப் பிளக்கை மறுபடி செருகினார்கள். கதிரேசன் போனில் போட்ட சத்தம் அந்தச் செட்டின் சத்தத்துக்குக் குறைந்ததல்ல. திரும்பவும் பிடுங்க வைத்துவிட்டு, “எதுக்கும் உள்ள கைய வெச்சராதீங்க, ஷாக் அடிக்கும்” என்றார்.

அதனால் நாச்சிமுத்து மூடியைத் திறந்து, கட்டிலில் உட்கார்ந்து காலை வைத்தான். செட்டு அவனைக் கட்டிலோடு கவிழ்த்தது.

“கைய வெக்கவே இல்லீங்க!” என்று அவன் தரையில் கிடந்தபடியே முறையிட்டான்.

“சரி சாமி, மூடியே தெறக்க வேண்டாம்” என்றார் கதிரேசன். “குமிழுக்கு உள்ள தூசி சேந்திருக்கும். அந்தக் குமிழப் புடிச்சு இப்படியும் அப்படியும் விடாமத் திருப்பீட்டே இருங்க. போதும்.”

பொறுப்பு குழந்தைவேலுவுக்கு வந்தது. நாலு திருப்புத் திருப்பியதும் குமிழ் கையோடு கழன்று வந்துவிட்டது. ஆனால் மெக்கானிக் விடாமல் என்று சொல்லியிருக்கிறாரே! குழந்தைவேலு குமிழைக் கையில் வைத்து அந்தரத்தில் திருப்பிக்கொண்டே இருந்தான். சாப்பிடும்போது திருப்பினான். குளிக்கும்போதும் திருப்பினான். கை வலித்தபோது நாச்சிமுத்து வாங்கிக்கொண்டான். வியாழக்கிழமை காலையில் குமிழைச் செட்டில் மாட்டி, பிளக்கைச் செருகி, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார்கள். அது முழுச் சத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, அதற்குமேல் அசையவே இல்லை.

சென்னியப்பன் காதைப் பொத்திக்கொண்டு வாசலில் படுத்துவிட்டான். அறுத்து வைத்த இலை வேறு வாடத் தொடங்கியிருந்தது. பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து மூளை குழந்தைவேலுவிடம் வந்தது.

“அண்ணா, எருமை எங்கிருக்குது?”

“ஓடிப்போயி வாய்க்காலோரம் நிக்குது.”

“அங்க சத்தம் எப்படிக் கேக்கும்?”

“மெதுவாத்தான் கேக்கும்.”

“அப்ப எருமைக்கு மட்டும் வால்யூம் நல்லாத்தான வேல செய்யுது?”

சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்தான். இப்படி ஒரு கோணத்தை அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை. உடனே செட்டைத் தூக்கிக்கொண்டு போய், நிலக்கடலை போட்டிருந்த கடலைக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மோட்டார் ரூமில் வைத்துப் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தால் நாதஸ்வரம் இதமாகக் காதில் விழுந்தது.

“மாமனாரு சத்தத்தக் கூட்டச் சொன்னா என்ன பண்றது?” என்று கேட்டான் சென்னியப்பன்.

“அவர அங்க கொண்டு போவோம்.”

“கொறைக்கச் சொன்னா?”

“இங்க கொண்டாருவோம்.”

வெள்ளிக்கிழமை மாரப்பன் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். நாதஸ்வரம் மெல்ல வந்தது. அவர் தலை தானாக ஆடியது.

“ஆகா! ஒரு துளி கூட்டுங்க.”

தம்பிகள் இருவரும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மாரப்பன் கண்ணைத் திறந்தபோது கடலைக்காட்டுக்கு நடுவில் இருந்தார்.

“என்னப்பா இது?”

“வால்யூமுங்க” என்றான் நாச்சிமுத்து.

மாரப்பன் யோசித்தார். “கொஞ்சம் கொறைங்க பாக்கலாம்.” பின்னால் நடந்தார்கள். “இன்னும் துளி.” நடந்தார்கள். “எங்கூர்ல இருக்கற செட்டெல்லாம் ஒண்ணு கத்தும், இல்லீன்னா முனகும். இத்தன நைசா நான் எங்கயும் பாத்ததில்லீங்க!” என்று சிரித்தார். சென்னியப்பன் உள்ளே இலை போட ஓடினான்.

அந்த நேரத்தில் நாதஸ்வரம் சுத்தமாக நின்றுவிட்டது. மாரப்பன் முகம் மாறியது.

“கூட்டுங்க.”

தூக்கினார்கள். கேட்கவில்லை. “கூட்டுங்க, கூட்டுங்க!” ஓடினார்கள். இலையும் கையுமாகச் சென்னியப்பன் பின்னால் ஓடினான். கடைசியில் மோட்டார் ரூமுக்குள்ளேயே போய்விட்டார்கள். அங்கே கதிரேசன் நின்றிருந்தார். ஈரோட்டிலிருந்து வந்தவர் சத்தத்தைப் பிடித்தபடியே நேராக இங்கே நுழைந்து, செட்டைச் சரி செய்து, நாதஸ்வரத்தை மெதுவாக வைத்திருந்தார்.

“பாருங்க, வெண்ணெய் மாதிரி திரும்புது” என்று பெருமையாகக் குமிழைத் திருப்பிக் காட்டினார்.

சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். “நல்லா ஓடீட்டிருந்தத ஏனுங்க கெடுத்தீங்க? எங்கல்யாணமே போச்சே!”

மாரப்பனுக்கு அதைவிடக் கோபம். “நீங்க பாட்டுக்கு அதத் திருப்புனா, நான் எப்படிங்க போறது வாரது? மரியாதையா மொதல்ல இருந்தபடி பண்ணிக் குடுங்க.”

கதிரேசன் நாலு பேர் முகத்தையும் பார்த்தார். வெளியே போகும் வழியை அடைத்தபடி மாரப்பனின் நாற்காலி இருந்தது. குமிழை முழுச் சத்தத்தில் வைத்து, தன் சுத்தியலை எடுத்து நாலு தட்டுத் தட்டினார். மாரப்பன் வாசலுக்குத் திரும்பி, வாடிய இலையில் வயிறாரச் சாப்பிட்டார். ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஆவணியில் கல்யாணம். வாசலில் பந்தல். செட்டு மோட்டார் ரூமில். சடங்கு செய்துவைக்கும் அருமைக்காரர் தாலியை எடுத்துக் கொடுத்து, “கெட்டி மேளம்! கெட்டி மேளம்!” என்றார். தாலி ஏறும் நேரத்தில் தும்மல் விக்கல் எதுவும் காதில் விழக் கூடாது, அதற்குத்தான் கெட்டி மேளம். இங்கேயோ அது கடலைக்காட்டைத் தாண்டி, பக்கத்து ஊர்க் கல்யாணம் மாதிரி மெல்லிசாக வந்தது. முன்வரிசையில் ஒருவர் தும்முவதற்கு மூக்கைத் தூக்கினார்.

“சத்தத்தக் கூட்டுங்கப்பா!” என்று அலறினார் மாரப்பன்.

ஒரு நாற்காலியைத் தூக்கினால் தீருகிற காரியமா இது? ஊரே கேட்க வேண்டிய மேளம். நாச்சிமுத்து ஒரு பந்தல்காலைப் பிடுங்கினான். குழந்தைவேலு ஒன்று. சொந்தபந்தமெல்லாம் ஆளுக்கொரு கால். சிந்தாமணி பட்டுப்புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வாழைமரம் கட்டிய காலை ஒற்றை ஆளாகத் தூக்கினாள்.

“பாத்துட்டே நிக்கறீங்களே, ஓடுங்க! முகூர்த்தம் போகுது!” என்று மாப்பிள்ளையை அதட்டினாள். அந்த நிமிஷமே சென்னியப்பனுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

பந்தல் கடலைக்காட்டில் ஓடியது. அடியில் அருமைக்காரர் ஓடினார், அட்சதைத் தட்டு ஓடியது, தும்ம வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மோட்டார் ரூம் வாசலில், காது கிழியும் மேளத்தில், சென்னியப்பன் மூன்று முடிச்சையும் போட்டான். அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வரிசை ஒருவழியாக நகர்ந்துவிட்டதே என்று தம்பிகளும் அழுதார்கள்.

அருமைக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “இனி வாழ்த்துப் பாடோணும். கொஞ்சம் சத்தத்தக் கொறைங்கப்பா!” என்றார்.

எல்லோரும் மறுபடியும் பந்தல்காலைத் தூக்கினார்கள்.