முயலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்

கடைசியில் சிரிப்பீங்க, அதுக்கு நான் பொறுப்பு. இப்போ வேண்டாம், அடக்கி வைங்க. முதலில் அடுக்குமாடிச் சங்கத் தலைவர் சிகாமணி தொண்டை கிழியக் கத்துறதைக் கேளுங்க.

“டிவி ஒயரை அறுத்தது யாரு?”

வீட்டு வேலை செய்யும் இசக்கியம்மா சொன்னாள்: “முயல்தான் ஐயா. அதுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும். கொறிக்கப் புல்லு போடாம கேரட்டாவே குடுத்தா, கெடைச்சதைத்தான் கடிக்கும்.”

“என் முயலா? அது வெளிநாட்டு வகைடீ! நான்தான் அறுத்தேன்னு சங்கத்து ஆளுங்க முன்னால எழுதிக் குடு. இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

அவள் வீட்டில் உலை கொதிப்பதே அந்தச் சம்பளத்தில்தான். பேனாவை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சிகாமணி முயலை மடியில் வைத்துத் தடவியபடி சோபாவில் சாய்ந்தார். எதிரே சங்கத்து ஆட்கள் ஆறு பேர்.

“ஐயா, மொதல்ல உங்க பட்டமெல்லாம் எழுதணும்ல? ஒண்ணு விட்டாலும் மரியாதை இல்ல.”

ஐயா முகம் மலர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

“சமூகச் செம்மல்… எழுதினியா?”

“‘செ’ போட்டுட்டேன் ஐயா.”

“நற்பணி நாயகர்… குடிநீர்க் குழாய் கொண்டுவந்த கோமான்…”

“மெதுவா ஐயா. பொன்னாடை விழாவுல இன்னொண்ணு குடுத்தாங்களே?”

“அட, ஆமாம்ல!”

அரை மணி நேரம் ஓடியது. எதிரே ஆறு பேரும் வாயைப் பொத்தியிருந்தார்கள்.

“முடிஞ்சுது ஐயா. ‘ஐயாவோட முயல் எதையும் கடிக்காது’ன்னும் எழுதிட்டேன். எந்திரிச்சு நின்னு சத்தமா வாசிங்க.”

கம்பீரமாக எழுந்தார். பட்டு வேட்டியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. அதற்குள் கோடு போட்ட டிராயர். ஆறு பேரும் வெடித்துச் சிரித்தார்கள்.

சிகாமணி குனிந்து பார்த்தார். மடியிலிருந்து குதித்த முயல் காலடியில் இன்னும் பட்டுத் துணியை மென்றுகொண்டிருந்தது.

“அடிப்பாவி! இதுக்குத்தான் பட்டம் கேட்டியா?”