பன்னிரண்டு போய்ச் சேர்ந்த கதை

எலக்ட்ரானிக்ஸ் சொல்லித்தரும் எஸ்தர் டீச்சர் தன் மாணவர் பிச்சையாவைவிட வயதில் சின்னவர். ஆனாலும் பிச்சையா அவரைக் குரு என்றுதான் ஊரில் சொல்வார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார்.

பிச்சையா தன் கையாலேயே ஒரு பவர் சப்ளை பெட்டி செய்தார். அதன் மீட்டரில் முள் பன்னிரண்டு வோல்ட்டில் நின்றால் அசையாது. தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

பெட்டி வீட்டுக்குள் இருந்தது. முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் தோட்டத்துக் கொட்டகையில். நடுவில் நீள வயர். இன்குபேட்டரின் விசிறி சுற்றத் தொடங்கியதும் அதன் சூட்டைக் கவனிக்கும் கன்ட்ரோல் போர்டு அணைந்து போனது. வீட்டுக்கு வந்த டீச்சரிடம் பிச்சையா முறையிட்டார்.

"பெட்டியில பன்னெண்டு, டீச்சர். விசிறி சுத்தும்போது கொட்டகையில பத்து. வழியில வயரு ரெண்டைத் தின்னுருது."

"என்ன செஞ்சீங்க?"

"பதினாலா ஏத்திட்டேன். வயரும் தின்னட்டும், போர்டும் தின்னட்டும்."

"அப்புறம்?"

"விசிறி நின்னதும் வயரு தின்னல. பதினாலும் போர்டுக்கே போயி, புகைஞ்சிருச்சு. இப்ப ஒரு குண்டு பல்ப வச்சு முட்டைக்குச் சூடு காட்டுறேன். கையில இன்னும் ஒரே போர்டுதான். அதுவும் போச்சுன்னா குஞ்சுகளும் போச்சு. ஆனா என் பெட்டியில தப்பில்ல, டீச்சர்!"

"பசிக்குது அண்ணாச்சி. முதல்ல சாப்பிடுவோம்."

பிச்சையாவின் மனைவி இலை போட்டுச் சோறு வைத்தார். "நான் பரிமாறுறேன் மதினி" என்று டீச்சர் ரசச் சட்டியை வாங்கிக்கொண்டார். கரண்டியையே பார்த்தபடி ஊற்றினார். மறுபடி ஊற்றினார். ரசம் இலையைத் தாண்டி வேட்டிக்கு ஓடியது.

"போதும் டீச்சர், போதும்!"

"ஒவ்வொரு கரண்டியும் அளவாத்தான் ஊத்துறேன். என் கரண்டியில தப்பில்ல."

"கரண்டியப் பாத்து என்ன ஆவப்போவுது? இலையப் பாருங்க!"

சொன்ன பிச்சையா பெட்டியின் மீட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

கை கழுவிவிட்டு, மிச்சமிருந்த போர்டை மாட்டி, பெரிய வயரை ஒட்டியே இரண்டு மெல்லிய வயர்களைக் கொட்டகை வரை இழுத்தார். அதுவரை தன் வாசலிலேயே வோல்ட்டை அளந்துகொண்டிருந்த பெட்டி, இனி அந்த வயர்கள் வழியாகப் போர்டின் காலடியில் அளந்தது. விசிறி சுற்றியதும் தானே ஏற்றிக் கொடுத்தது. நின்றதும் தானே இறக்கிக்கொண்டது. போர்டில் எப்போதும் பன்னிரண்டு.

அந்த வாரமே குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. பிச்சையா மட்டும் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் சரி, டீச்சர். ஆனா இப்ப பெட்டியில முள்ளு ஏறுது, இறங்குது. ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. இனி தெருக்காரங்களுக்கு எதைக் காட்டுவேன்?"

"பெட்டிய ஏன் காட்டுறீங்க, அண்ணாச்சி? குஞ்சக் காட்டுங்க."