தாளாளர் குடிக்காத தண்ணீர்

மூன்றாம் வகுப்பு ஜெனிட்டா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். காரணம் பள்ளித் தண்ணீர்த் தொட்டிதான் என்று டாக்டர் தாளாளரிடம் சொல்லிவிட்டார்.

"பெத்தவங்க காதுக்கு ஒரு வார்த்தை போச்சு, உனக்கு வேலை இல்லை," என்று அதை அருகில் நின்று கேட்டுவிட்ட ஆயா சலேத்தம்மாளை மிரட்டினார் தாளாளர்.

"நான் வாயே திறக்கமாட்டேங்கய்யா."

மறுநாள் மதியம் பெற்றோர் கூட்டம். சுத்தம், ஒழுக்கம், தைரியமான மனசு என்று முழங்கிய தாளாளருக்கு இருமல் வந்தது. சலேத்தம்மாள் எல்லோரும் பார்க்கத் தொட்டிக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து வந்து, பணிவாக நீட்டினாள்.

அவர் பதறித் தட்டிவிட்டார். "இதையா எனக்குக் குடுக்கறே?"

"அப்போ எங்க பிள்ளைங்க மட்டும் குடிக்கலாமா சார்?" என்று எழுந்தாள் ஒரு தாய்.

வகுப்புகளுக்கு ஓடிய தாய்மார் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனார்கள். மூன்றாம் வகுப்பு அலமாரியில் ஜெனிட்டாவின் தண்ணீர் பாட்டில் மட்டும் மிஞ்சியது. அதைத் தினமும் அந்தத் தொட்டிக் குழாயில் நிரப்பிக் கொடுத்தவள் சலேத்தம்மாள்தான்.