வாசலில் சொல்லும் சொல்

காரைக்காலுக்கு மேற்கே, அரசலாற்றின் கரையில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதன் வாசலுக்குக் கதவு இல்லை. ஆயினும் அழைக்காமல் எவரும் உள்ளே வருவதில்லை. வாசல் பலகையில் ஒருவர் அமர்ந்து, வருகிற ஒவ்வொருவரையும் "வாருங்கள்" என்று சொல்லி உள்ளே அனுப்புவது அங்கே முறை. பிச்சைக்காரரும் பெரிய மனிதரும் அந்த ஒரு சொல்லுக்காக அரை நொடி நின்றுவிட்டுத்தான் படியேறுவார்கள்.

மடத்தின் தலைவி தையல்நாயகி அம்மையார். அவருடைய சீடர் சிவக்கொழுந்து, குருவைவிட இருபது வயது மூத்தவர். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். துறவு வாழ்வை நாடி வந்தவர் சொல்லாராய்ச்சியைத் துறக்கவில்லை. பின்கட்டு அறையில் அமர்ந்து சொற்களின் வேரைத் தேடிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் விடியற்காலையில் அவர் குருவிடம் வந்தார்.

"அம்மா, ஒரு சொல் என்னை உறங்கவிடவில்லை."

"எந்தச் சொல், ஐயா?"

"வா."

"சின்னச் சொல்தானே?"

"அதுதான் துன்பம். நாம் 'வா' என்றால் வரச் சொல்கிறோம். பிரெஞ்சுக்காரர் அதே ஒலியால் போகச் சொல்கிறார். வடமொழியில் அதற்கு 'அல்லது' என்று பொருள். பாரசீகத்தில் 'திறந்த' என்று பொருள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேரிலிருந்து வந்தது. நம்முடையது எங்கிருந்து வந்தது? 'வரு' முந்தியதா, 'வா' முந்தியதா?"

அம்மையார் வாசல் பக்கம் பார்த்தார்.

"வாசலில் இருக்கும் முத்துக்கண்ணு, தங்கை மகளுக்குக் காதுகுத்து என்று ஊருக்குப் போயிருக்கிறார். இன்று அந்தப் பலகையில் நீங்கள் அமருங்கள். மாலையில் பதில் சொல்கிறேன்."

"நானா?"

"சொல் தெரிந்தவர் நீங்கள்தானே?"

சிவக்கொழுந்து வாசலுக்குப் போனார். முதலில் வந்தவள் பால்காரி செங்கமலம்.

"வாருங்கள்" என்றார் அவர்.

"ஏன் வாத்தியாரே, வாய் வாங்கன்னு சொல்லுது, மூஞ்சி போங்கன்னுல்ல சொல்லுது!"

"நான் சரியாகத்தான் சொன்னேன்."

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. முத்துக்கண்ணு அண்ணன் சொன்னா, பால்ல தண்ணி ஊத்துனதுக்கே எனக்கு வெக்கமா இருக்கும்."

பிறகு ஒரு சாணை பிடிப்பவர் வந்தார். காலில் கட்டுப் போட்ட முதியவர் ஒருவர் வந்து, தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். சிவக்கொழுந்து ஏதோ நினைவில் இருந்தார்.

"சொல்லுங்க சாமி. நீங்க சொன்னாத்தான் ஏறுவேன். வலிக்குது."

"மன்னியுங்கள். வாருங்கள், வாருங்கள்."

முதியவர் முகம் மலர்ந்தது. உச்சிப்பொழுதுக்குள் ஆசிரியரின் குரலிலிருந்த விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிட்டது.

சோற்று மணி அடித்தது. அப்போதுதான் தெருவின் எதிர்ப்பக்கம் பார்த்தார். புங்கமரத்தின் நிழலில், இடுப்பில் பெண்குழந்தையுடன் ஒருத்தி நின்றிருந்தாள்.

பால் குவளைகளைக் கழுவி எடுத்துக்கொண்டு வெளியே வந்த செங்கமலம், அவர் பார்வை போன திசையைக் கண்டாள்.

"அந்தப் பொண்ணு வியாழக்கிழமை வியாழக்கிழமை வருது. அங்கயே நிக்கும். முத்துக்கண்ணு அண்ணன் எத்தனையோ தடவ கூப்பிட்டாரு. தலையை ஆட்டிட்டுப் போயிரும். யாரு பெத்த புள்ளையோ."

சிவக்கொழுந்து பெற்ற பிள்ளைதான். நப்பின்னை.

தமிழ் அறியாத மராட்டியன் ஒருவனை மணந்துகொண்டு அவள் அவருடைய வீட்டு வாசலில் வந்து நின்ற நாளில், அவர் படித்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நம் வீடுகளில் ஒருவரை விரட்டக் கடுஞ்சொல் தேவையில்லை. வந்தவரை 'வா' என்று கேட்காமல் இருந்தால் போதும். இருவரும் நெடுநேரம் நின்றார்கள். "அப்பா என்ன சொன்னார்?" என்று அந்த மராட்டியன் ஆங்கிலத்தில் கேட்டது அவர் காதில் விழுந்தது. "ஒன்றும் சொல்லவில்லை" என்று மகள் சொன்னதும் விழுந்தது. பிறகு செருப்புச் சத்தம் தேய்ந்து போயிற்று.

சிவக்கொழுந்து எழுந்து உள்ளே ஓடினார். அம்மையார் அடுப்பங்கரையில் வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, வேறு யாரையாவது வாசலுக்கு அனுப்புங்கள்."

"யார் வந்திருக்கிறார்கள்?"

"என் மகள்."

"சொல்லிவிட்டீர்களா?"

"எந்த முகத்தோடு சொல்வேன்? நான் சொல்லியும் அவள் வராமல் போய்விட்டால்?"

அம்மையார் இலையைக் கீழே வைத்தார்.

"பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்றீர்கள்?"

"போ."

"நீங்கள் சொல்லாமல் இருந்தால், தமிழில் என்ன பொருள்?"

சிவக்கொழுந்து வாசல் பலகைக்கே திரும்பிப் போய் அமர்ந்தார்.

மரத்தடியில் அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். புறப்படப் போகிறாள்.

"வா" என்றார். அது அவருக்கே கேட்கவில்லை. மறுபடியும், "வாம்மா!"

நப்பின்னை அசையவில்லை.

"அந்தப் பலகையில உக்கார்றவங்க எல்லாருக்கும் சொல்றதுதானேப்பா அது?"

சிவக்கொழுந்து எழுந்து படியிறங்கினார். செருப்பு வாசலிலேயே கிடந்தது. வெயிலில் கொதித்த தார்ச்சாலையைக் கடந்து அவள் முன்னால் போய் நின்றார்.

"அங்கே உட்கார்ந்து சொன்னது மடத்துச் சொல். இது என் சொல். உன்னைத்தான் கூப்பிடுகிறேன். வா, கண்ணு."

அவள் கண்கள் நிறைந்தன. ஆனாலும் தலை பின்பக்கம் திரும்பியது. சற்றுத் தள்ளி, ஸ்கூட்டரின் அருகில், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி அவள் கணவன் மிலிந்த் நின்றிருந்தான். இந்தப் பக்கம் பார்க்காமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான்.

சிவக்கொழுந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "அவர் மொழியில் இதை எப்படிச் சொல்வது?"

"அத்தனை மொழியும் தெரியும். இது தெரியாதா?"

"இதுவரை நான் கேட்டதில்லை."

நப்பின்னை மூக்கை உறிஞ்சினாள். "மரியாதையா சொல்லணும்னா, 'யா'."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் மருமகனிடம் நடந்து போனார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"யா" என்றார். மறுபடியும், "யா."

மிலிந்த் அவருடைய வெறுங்கால்களைப் பார்த்தான். தலைக்கவசத்தை அவசரமாக வண்டியில் மாட்டினான்.

"வர்றோம் மாமா" என்றான், இத்தனை நாளில் கற்றுக்கொண்ட தமிழில். "கால் சுடுது. நீங்க முதல்ல நிழலுக்கு வாங்க."

அன்று ஒரே பந்தியில் நான்கு பேரும் உண்டார்கள். குழந்தை தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைப் பாயசத்தில் போட்டது. அதைக் கழுவித் தரச் செங்கமலம் இருந்தாள், சிரித்தவர்கள் பலர்.

மாலையில், அவர்களை வழியனுப்பிவிட்டுச் சிவக்கொழுந்து குருவின் முன் வந்து அமர்ந்தார். பாதங்கள் இரண்டும் சிவந்து கொப்புளித்திருந்தன. அம்மையார் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து அவர் அருகில் வைத்தார்.

எண்ணெயைத் தடவிக்கொண்டே சிவக்கொழுந்து கேட்டார்: "அம்மா, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று மாலையில் சொல்வதாகக் கூறினீர்கள்."

"வாசல் பலகையிலிருந்துதான் வந்தது, ஐயா" என்றார் அம்மையார். "செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து போயிற்று. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்."