தண்ணி கொண்டு வந்த அக்கா

காலை உதைக்காதடி, தென்றல், கட்டில் ஆடுது. உங்கக்கா ஹாஸ்டலுக்கு பஸ் ஏறினது காலையில. போய்ச் சேந்ததும் போன் பண்றேன்னு சொல்லியிருக்கா, பண்ணுவா. அதுக்காக மத்தியானத் தூக்கத்தை விட்டுட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா பஸ் வேகமா போயிருமா? இந்தப் பக்கம் திரும்பு. அத்தை கதை சொல்றேன். நீ "ம்" கொட்டணும், கொட்டலேன்னா நிறுத்திருவேன்.

ஒரு ஊருக்கு அடியில ஒரு ஊரு. உங்க மாமன் போர்வெல் வண்டியில ஆயிரம் அடி தோண்டிட்டேன்னு பீத்திக்குவாரே, அதெல்லாம் மேல்தோலு. இது இன்னும் கீழ, கீழ, நூறு கிலோமீட்டர் கீழ. அங்க கல்லுங்கதான் சனங்க. இளகின்னு ஒரு அக்கா, பச்சையாயின்னு ஒரு தங்கச்சி. தங்கச்சி பச்சைக்கல்லு, ரொம்பக் கெட்டி. அக்காவுக்கு ஓரிடத்துல இருப்புக் கொள்ளாது, உன்ன மாதிரியே.

அந்த ஊர்ல ஒரு கட்டுப்பாடு. பக்கத்துல இருக்கிறவங்க கையை யாரும் விடக்கூடாது. ஒருத்தர் நகந்தா ஊரே நகரணும். அதனால எல்லாரும் கை கோத்துக்கிட்டு, நம்ம நகம் வளர்ற வேகத்துல, மெள்ள மெள்ள ஊர்ந்துக்கிட்டே இருப்பாங்க. நின்னதே இல்ல. எங்க, ம்?

"ம்."

இளகிக்கு ஒரே ஆசை. தங்கச்சியக் கூட்டிக்கிட்டு மேல போயி வானத்தப் பாக்கணும். கல்லா இருந்தா ஏற முடியாது. உருகினாத்தான் லேசாகும், லேசானாத்தான் ஏறலாம். அப்போ அவ கீழ இருக்கிற சூட்டைக் கூப்பிட்டா. சூடு வந்துச்சு. தக தக தகன்னு ரெண்டு பேரும் சிவந்து போனாங்க, ஆனா ஒரு சொட்டு உருகல. ஏன்னா, தலைக்கு மேல அத்தனை பாறையும் உக்காந்து அமுக்குது. குக்கரை இறுக்கி மூடினா உள்ள தண்ணி சட்டுனு கொதிக்குதா? இல்லையே, அந்த மாதிரி. எவ்வளவு சூடு ஏறினாலும் கல்லாவே கெடக்கணும். எனக்கு அதை நெனச்சாலே மூச்சு முட்டுது.

அப்புறம், ஊர்ந்து ஊர்ந்து ஊரு மேலாப்புல வந்துச்சு. அங்க கடலோட அடித்தரை ரெண்டா விலகிக்கிட்டு இருந்துச்சு. விலக விலகத் தலைச்சுமை குறைஞ்சுது. சூட்டை யாரும் கூட்டல. சுமை குறைஞ்சதுக்கே இளகியோட விரல் நுனி சொட்டுச்சு. சொட்டு. சொட்டு. சொட்டு. பச்சையாயிக்கு ஒண்ணுமே ஆகல.

நீ ஆரஞ்சு குச்சி ஐஸ் உறிஞ்சுவியே, இனிப்பெல்லாம் முதல்ல வாய்க்கு வந்துரும், வெறும் வெள்ளை ஐஸ் குச்சியில நிக்கும். கல்லும் அப்படித்தான். எல்லாரும் ஒண்ணா உருகறதில்ல. யார் மேலயும் தப்பு இல்ல.

இளகிக்கு அது புரியல. கட்டுப்பாட்டு ஊர்ல பொறந்தவ, போனா சேந்துதான் போகணும்னு நெனச்சா. தங்கச்சி கையை விடாம, பாதி குழம்பா பாதி கல்லா, ஒரு இடுக்குல மாட்டிக்கிட்டு ஆயிரம் வருஷம் கெடந்தா. மேலயும் போகல, பழையபடி இருக்கவும் முடியல. அப்போ பச்சையாயி, அந்த ஊர்ல யாரும் செய்யாததைச் செஞ்சா. தானே கையை விட்டுட்டா.

"நீ போக்கா. எனக்கு இது போதல. நான் உருக எது வேணும்னு பாத்து எடுத்துக்கிட்டு வா."

இளகி அழுதுக்கிட்டே சரின்னுட்டுப் போனா.

"ம். வந்தாளா?"

பொறு. சொட்டோட சொட்டு சேந்துச்சு, குபு குபு குபுன்னு ஏறினா. போயி முட்டுனது வானமில்ல, கடலோட அடி. கும்மிருட்டு. புஸ்ஸ்ஸ்னு குளுந்து கறுங்கல்லாயிட்டா. அவ்வளவு தூரம் ஏறியும் வானம் இல்லையேன்னு வெறுத்துப் போச்சு அவளுக்கு. அப்புறம் உடம்பெல்லாம் வெடிச்சுது, வெடிப்புல தண்ணி புகுந்துச்சு. தண்ணி பட்ட எடத்துல எவ்வளவு கெட்டியும் தளர்றதைப் பாத்தா. தங்கச்சிக்கு வேண்டியது இதுதான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. குடிச்சா, குடிச்சா, கோடி வருஷம் குடிச்சா.

கடல்தரையும் சும்மா இருக்கல. நகந்து நகந்து, ஒரு கரையோரமா நிலத்துக்கு அடியில சொருகிக்கிச்சு. அப்போ கூட வந்த கல்லுங்க சிலது கரையில ஒதுங்குச்சு. நீயும் ஒட்டிக்க, இங்க வானம் தெரியுதுன்னு கூப்பிட்டுச்சு. இளகி ஒரு நிமிஷம் தயங்கினா. அப்புறம் இறங்கிட்டா.

மேல இருந்த நிலம் முதல் அமுக்கு அமுக்குச்சு, உடம்பு மேல இருந்த தண்ணி போச்சு. ரெண்டாவது அமுக்கு, வெடிப்புத் தண்ணியும் போச்சு. உடம்போட கலந்தது மட்டும் மிச்சம், அதைப் பல்லைக் கடிச்சுக்கிட்டு வச்சிருந்தா. மூணாவது அமுக்கு. அண்ணாந்து பாத்தா, தலைக்கு மேல, ஊரோட ஊர்ந்து ஊர்ந்து அங்க வந்திருந்த பச்சையாயி, அதே சூட்டுல, ஒரு கை மட்டும் வெறுங்கையா.

"இந்தா, குடி."

அதுக்குத்தான் நேரம் இருந்துச்சு. தண்ணி சர்ருனு ஏறி தங்கச்சி மேல பட்டுச்சு. சூட்டுக்கு அசையாதவ, சுமை குறைஞ்சும் அசையாதவ, சொட்டு சொட்டுன்னு உருகினா. அவ மேல போனா, அக்கா இன்னும் கீழ போனா.

"அப்போ அக்காவுக்கு வானம்?"

பாக்கல கண்ணு. பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் அது மனசு ஆறல.

ஆனா கேளு. பச்சையாயி மலை உச்சியைப் பிளந்துக்கிட்டு தொம்முனு வெளிய வந்தா. அக்கா குடுத்த தண்ணி ஆவியாப் போயி மேகமாச்சு. அவ வந்த அதிர்ச்சி கல்லுக்குக் கல்லு, கைக்குக் கை, கீழ இறங்குச்சு. அங்கதான் எல்லாரும் கை கோத்துக்கிட்டு இருக்காங்களே. ஆழத்துல இளகியோட கை குறுகுறுன்னுச்சு. "பாத்துட்டா"ன்னு சொல்லிச் சிரிச்சா.

என் கையப் பிடிச்சுக்க. போனு இன்னொரு கையிலதான் இருக்கு, அதிர்ந்தா எழுப்பறேன். கதை குளுந்து கல்லாச்சு, கண்ணு ரெண்டும் மூடியாச்சு.